"பெஞ்ச் எவ்வளவு போடுவே?" – பலத்தை அளக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

நான் போகும் ஜிம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறது. இரண்டு காற்றாடி, ஒரு நீளக் கண்ணாடி, துருப்பிடித்த எடைப் பிளேட்டுகள், ஜன்னலைத் திறந்தால் கீழே பொரிக்கும் வாழைப்பழ வாசம். புதிதாக யாராவது படியேறி வந்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: "பெஞ்ச் எவ்வளவு போடுவே?" பெஞ்சில் மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து எத்தனை கிலோவை மேலே தள்ளுவாய் என்று அர்த்தம்.

நானும் இரண்டு வருடம் "நூறு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். ஒருநாள் தம்பி முறையாகிற பையன் ஒருவன் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினான். பார், அதாவது பிளேட் மாட்டும் இரும்புத் தண்டு, நெஞ்சுக்கு நாலு விரல் மேலேயே திரும்புகிறது. இடுப்பு பெஞ்சை விட்டு எழும்பி நிற்கிறது. பார் மேலே விழாமல் பார்த்துக்கொள்ளப் பின்னால் நிற்கும் ஸ்பாட்டரின் இரண்டு கையும் பாரில். "சும்மா தொடுறேன்ண்ணே, நீங்கதான் தூக்குறீங்க" என்று அவன் வாரம் மூன்று நாள் சொன்னதை நான் நம்பியிருக்கிறேன். அவன் தோள்பட்டை நன்றாக ஏறியிருந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. யாரும் தொடாமல், நெஞ்சில் நிறுத்தித் தூக்கிப் பார்த்தால் 82.5 கிலோ. அவ்வளவுதான்.

நாம் செய்யும் தவறுகளில் முதலாவது இதுதான். எதை ஒரு ரெப் (ஒரு முழுத் தூக்கு) என்று எண்ணுவது என்று முடிவு செய்யாமலேயே எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். பவர்லிஃப்டிங் போட்டியில் இதற்குத் தெளிவான விதி இருக்கிறது. பெஞ்ச் பிரஸ்ஸில் பார் நெஞ்சில் வந்து அசையாமல் நிற்க வேண்டும், நடுவர் சொன்ன பிறகுதான் தள்ளலாம். தோளில் பாரோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் இடுப்பு மடிப்பு முழங்காலின் மேல்பக்கத்தைவிடக் கீழே இறங்க வேண்டும். பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில் முழங்காலும் இடுப்பும் நிமிர்ந்து, தோள் பின்னால் போய் நிற்க வேண்டும். நடுவில் தொடையில் பாரைத் தாங்கி ஏற்றினால் செல்லாது. நம் நாட்டு வீரர் போனி புன்யாவ் கஸ்டின் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் 72 கிலோ பிரிவில் 232 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினாரே, அதுவும் பெஞ்ச் பிரஸ்தான். அந்தப் போட்டியில் கால்கள் பெஞ்சின் மேலேயே நீட்டி இருக்கும். தரையில் காலை ஊன்றி உந்த வழியில்லை, நெஞ்சில் நிறுத்தியும் ஆக வேண்டும். அதைப் பார்த்த பிறகு என் பழைய நூறை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

விதி தளர்ந்தால் ஒரு பயிற்சியே காணாமல் போகும். ஒலிம்பிக் பளுதூக்குதலில் முன்பு மூன்று தூக்கு இருந்தன. அதில் பாரைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளும் பிரஸ்ஸை 1972 மியூனிக்குக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். வீரர்கள் முதுகை அவ்வளவு பின்னால் வளைத்தார்கள், எது சரி எது தப்பு என்று நடுவர்களால் சொல்ல முடியவில்லை. ஒலிம்பிக்கிலேயே அந்த நிலை என்றால் மாடி ஜிம்மில் சொல்லவா வேண்டும்.

சரி, ரெப்பை ஒழுங்காக எண்ணிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது இன்னும் பெரிய தவறு: ஒரே ஒரு தூக்கை வைத்து ஆளை அளப்பது. இது நமக்குப் பழைய பழக்கம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போட்டவனைத்தான் ஆம்பிளை என்றார்கள். (கல்லாவது பரவாயில்லை. பிடி, முதுகு, இடுப்பு, கால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்கும். மல்லாக்கப் படுத்துத் தள்ளுவதை வைத்து அளக்கும் நம் காலத்துக்கு அது எவ்வளவோ மேல்.)

போன வருடம் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிற ஒருவர் சேர்ந்தார். முப்பது வயதிருக்கும், ஒல்லி, கை மட்டும் நீளம். வழக்கமான கேள்வி, வழக்கமான பெஞ்ச். 50 கிலோவில் பார் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. இளவட்டங்கள் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டெட்லிஃப்டை இரண்டு தடவை செய்து காட்டினோம். 100 போட்டோம், எடுத்தார். 120 எடுத்தார். 140ஐ எடுத்து நிமிர்ந்து, "இதை எங்கண்ணே வைக்கிறது?" என்று கேட்டார். கண்ணாடியைப் பார்த்தவர்கள் இப்போது தரையைப் பார்த்தார்கள்.

கதையை இங்கேயே நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கே ஸ்குவாட்டில் 60 கிலோவுக்குக் குதிகால் எழும்பியது. தலைக்கு மேல் தள்ளச் சொன்னால் 35க்கு மேல் போகவில்லை. குலை வெட்டுகிறவர் நாள் முழுக்க அரிவாள் கட்டிய நீளக் கம்பை இழுக்கிறார். பத்து, இருபது கிலோக் குலைகளைத் தரையிலிருந்து எடுத்துத் தள்ளுவண்டியில் போடுகிறார். பிடியும் முதுகும் வருடக்கணக்காகப் பழகியவை. பாரத்தோடு ஆழமாக உட்கார்ந்து எழவோ, மல்லாந்து படுத்துத் தள்ளவோ அந்த வேலையில் இடமே இல்லை. அவர் பலசாலியா இல்லையா என்றால் எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும். டெட்லிஃப்ட் சொன்னது ஒரு பதில், பெஞ்ச் சொன்னது வேறொரு பதில். இரண்டும் உண்மை.

அவருடைய நீளக் கைக்கும் இதில் பங்கு உண்டு. கை நீளமாக இருந்தால் டெட்லிஃப்டில் பார் கொஞ்ச தூரம் ஏறினால் போதும். அதே கை பெஞ்சில் பாரை அதிக தூரம் தள்ளியாக வேண்டும். அமெரிக்க வீரர் லமார் காண்ட் 1985இல் தன் உடல் எடையைப் போல ஐந்து மடங்கை டெட்லிஃப்ட் செய்தார். அவருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது, கைகள் நீளம். நிற்கும்போதே கை அவ்வளவு கீழே தொங்கியது. எலும்பின் நீளத்தைப் பயிற்சியால் மாற்ற முடியாது. அதனால் பக்கத்தில் நிற்பவனின் பெஞ்சோடு உங்கள் பெஞ்சை ஒப்பிடும்போது, பாதி நேரம் கை நீளத்தைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று, முதல் நாள் எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது. அதே மனிதர் இரண்டு மாதத்தில் பெஞ்சில் 70 போட்டார். அதற்குள் நெஞ்சுச் சதை அவ்வளவு வளர்ந்துவிடாது. ஆரம்ப வாரங்களில் ஏறுவதில் பெரும்பங்கு நரம்பு மண்டலம் அந்த அசைவைக் கற்றுக்கொள்வதுதான். எந்தத் தசையை எப்போது இழுப்பது, பாரை எந்த வழியில் கொண்டுபோவது என்ற பழக்கம். சைக்கிள் ஓட்டத் தெரியாதவனின் கால் பலத்தைச் சைக்கிளில் வைத்து அளந்தால் எப்படி இருக்கும், அப்படி.

அடுத்து, எடையே தப்பாக இருப்பது. சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடக்கிறது. நம் பக்கத்து ஜிம்களில் பவுண்டு பிளேட்டும் கிலோ பிளேட்டும் கலந்து கிடக்கும். ஒரு பையன் பக்கத்துக்கு இரண்டாக "25" பிளேட்டைப் போட்டு, பாரையும் சேர்த்து 120 கிலோ ஸ்குவாட் என்று வீட்டில் சொல்லிவிட்டான். "டேய், அது பவுண்டுலா" என்றதும் முகம் வாடிவிட்டது. 25 பவுண்டு என்பது 11.3 கிலோ. ஆக மொத்தம் அவன் தூக்கியது 65 கிலோ சொச்சம். பாரும் அப்படித்தான். ஆண்களுக்கான ஒலிம்பிக் பார் 20 கிலோ, பெண்களுக்கானது 15. ஒல்லியான மலிவுப் பார் இதில் பாதிகூட இருக்காது. சந்தேகம் இருந்தால் பழைய இரும்புக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்; கடைக்காரர் விலைகூடச் சொன்னார்.

மெஷின் எண்களைச் சேர்க்கவே வேண்டாம். காலால் தள்ளும் லெக் பிரஸ்ஸில் 200 கிலோ தள்ளினேன் என்பவர் 45 பாகைச் சரிவில் தள்ளுகிறார். லோரியில் பலகை சாய்த்துப் பீப்பாயை உருட்டி ஏற்றுவதும் நேராகத் தூக்கி வைப்பதும் ஒன்றா? அந்தச் சரிவில் 200 கிலோ பிளேட்டின் பாரம் ஏறக்குறைய 141 கிலோவாகத்தான் காலுக்கு வந்து சேரும். பிளேட்டைத் தாங்கும் வண்டியின் எடையும் உராய்வும் தனி. பார் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் ஸ்மித் மெஷின்கள் பலவற்றில் எதிர் எடை இருப்பதால் பார் 20 கிலோகூட வராது. கேபிளில் எடையோடு சேர்ந்து நகரும் கப்பி இருந்தால் கையில் பாதிப் பாரம்தான். மெஷின் கெட்டது என்று சொல்லவில்லை. அந்த எண் அந்த மெஷினுக்கு மட்டும்தான் செல்லும், அடுத்த ஊர் ஜிம்முக்குப் போனால் செல்லாது.

கணக்குப் போட்டுப் பலம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே ஒரு தடவை அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்பதை, பல ரெப் செய்த எடையிலிருந்து கணிக்க இரண்டு பிரபலமான சூத்திரங்கள் இருக்கின்றன. எப்லி சூத்திரத்தில் ரெப்பை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். பிரசிக்கி சூத்திரத்தில் எடையை 36ஆல் பெருக்கி, 37இலிருந்து ரெப்பைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். 60 கிலோவை 5 தடவை செய்தால் முதலாவது 70 என்கிறது, இரண்டாவது 67.5 என்கிறது. பரவாயில்லை. 40 கிலோவை 20 தடவை செய்துவிட்டுக் கணக்குப் போட்டால்? ஒன்று 66.7 என்கிறது, மற்றது 84.7 என்கிறது. ஒரே ஆள், ஒரே செட், 18 கிலோ வித்தியாசம். நம் ஆட்கள் எப்போதும் பெரிய எண் வருகிற சூத்திரத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இருபது ரெப் மூச்சையும் பொறுமையையும் அளக்கும், அதிகபட்ச பலத்தை அளக்காது. கணிக்கத்தான் வேண்டும் என்றால் மூன்று முதல் ஐந்து ரெப்புக்குள் செய்து கணியுங்கள்.

உடல் எடையைப் பற்றிய சண்டை தே தாரிக் ஆறும் வரை நடக்கும். "நான் என் எடையைப் போல இரண்டு மடங்கு தூக்குறேன், அவன் தடியன், ஒன்றரை மடங்குதான்." 1988 சோல் ஒலிம்பிக்கில் நயிம் சுலைமானோகுலு 60 கிலோ பிரிவில் 190 கிலோவைக் கிளீன் அண்ட் ஜெர்க் (தரையிலிருந்து தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) செய்தார், அதாவது மூன்று மடங்குக்கு மேல். ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 2021இல் தாஷ்கண்டில் அதே முறையில் 267 கிலோ தூக்கினார். அவர் உடம்பு 170 கிலோவுக்கு மேல், ஆக இரண்டு மடங்கு கூட இல்லை. அதனால் லாஷா பலவீனர் என்று யாராவது சொல்வார்களா? ஆள் அளவில் பெருத்தால், பலத்தைத் தரும் தசையின் குறுக்குவெட்டு நீளத்தின் வர்க்கமாகத்தான் கூடுகிறது, எடையோ நீளத்தின் மூன்றாம் படியாகக் கூடுகிறது. அதனால் மடங்குக் கணக்கு எப்போதும் சிறிய உடம்புக்குச் சாதகம், வெறும் கிலோக் கணக்கு பெரிய உடம்புக்குச் சாதகம். போட்டிகளில் இதைச் சரிக்கட்டவே சின்க்ளேர், டாட்ஸ் போன்ற புள்ளி முறைகள் இருக்கின்றன. அண்ணனும் தங்கையும் பெஞ்சை வைத்து ஒப்பிடுவதும் இந்த வகைதான். ஆண் பெண் வித்தியாசம் காலைவிடக் கைகளிலும் தோளிலும்தான் அதிகம்.

நாளைப் பார்க்காமல் அளப்பதும் ஒரு தவறு. தைப்பூச விரதத்தில் ஒருவேளைச் சாப்பாட்டோடு வந்து, "பலமே போயிடுச்சுண்ணே" என்று புலம்புவார்கள். இரவு ஷிஃப்ட் முடித்த காலை, தண்ணீர் குடிக்காத மத்தியான வெக்கை, எல்லாம் எண்ணைக் குறைக்கும். பலம் எங்கேயும் போகவில்லை, அன்றைக்கு வெளியே வரவில்லை. ஒரு விஷயம் மட்டும் விளையாட்டில்லை: கனமாகத் தூக்கும்போது மூச்சை அடக்குவதால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் அதிகபட்சம் பார்க்கும் முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தனியாக பெஞ்ச் போடுவதும் வேண்டாம்.

இப்போது நாங்கள் செய்வது இது. ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தள்ளும் பிரஸ், புல்-அப் ஆகிய ஐந்தையும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மூன்று ரெப் வரைக்கும் பார்க்கிறோம். அதே பார், அதே நேரம். டெட்லிஃப்டில் மணிக்கட்டுப் பட்டை கட்டினால் பக்கத்தில் "பட்டை" என்று எழுத வேண்டும், ஏனென்றால் அப்போது பிடியின் பலம் கணக்கில் வராது. ஆளுக்கொரு நோட்டு, பள்ளிக்கூட நோட்டுத்தான், இரண்டு வெள்ளிக்குள் கிடைக்கும். தேதி, உடல் எடை, பாரின் எடை, ரெப், யாராவது கை வைத்தார்களா என்று கோடு போட்டுக் கொடுத்தேன்.

குலை வெட்டுகிறவர் தன் நோட்டில் கடைசியாக இன்னொரு கோட்டை அவரே இழுத்து, மேலே "வேலை" என்று எழுதிக்கொண்டார். போன மாதம் எட்டிப் பார்த்தேன். டெட்லிஃப்ட் 150, மூன்று ரெப், பட்டை இல்லை. அந்தக் கோட்டில் "லீவு". அதற்கு முந்தைய வரியில் 130, ஒரே ரெப். அந்தக் கோட்டில் "உயர மரம், மழை".