வீட்டுக்கு நூறு ரூபாய்: மாலை வகுப்புக்குச் சுண்டல் போடுவது எப்படி

அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலைச் சிறப்பு வகுப்பு வைத்தால் முதலில் எழும் பிரச்சினை பாடமல்ல, பசிதான். காலை எட்டு மணிக்குப் பேருந்து ஏறியவர்கள், ஒரு மணிக்குச் சாப்பிட்டவர்கள், ஐந்தரை வரை கணக்குப் போட வேண்டும். ஒரு கிண்ணம் சுண்டல் இருந்தால் உட்காருவார்கள். இல்லாவிட்டால் நாலரைக்கே பாதி பெஞ்சு காலி. சில்லறைக் காசுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை ஊரில் வேறு கிடைக்காது. செலவு சிறியது, தினமும் கண்ணில் படுவது, முடியும் தேதி தெரிந்தது.

சிறுகச் சேர்த்துப் பள்ளி நடத்துவது நமக்குப் புதிதும் அல்ல. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலா, 1889-இல் தொடங்கப்பட்டது, வீடுதோறும் உலை வைக்கும்போது எடுத்து வைத்த பிடி அரிசியில் நடந்த பள்ளி. அந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது அரிசியின் அளவை அல்ல, அது தவறாமல் வந்ததை.

முதலில் கணக்கு

தொகையை முடிவு செய்துவிட்டு என்ன செய்யலாம் என்று யோசிக்காதீர்கள். ஒரு நாள் செலவை எழுதிவிட்டு அங்கிருந்து தொகைக்கு வாருங்கள். 60 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். கொண்டைக்கடலை இரண்டரை கிலோ, கிலோ 90 ரூபாய் என்றால் 225. தேங்காய் ஒன்று 35. எண்ணெய், கடுகு, மிளகாய், வெங்காயம், உப்பு எல்லாம் சேர்த்து 40. எரிவாயு 20. சமைத்துத் தருபவருக்குக் கூலி 120. ஆக 440 ரூபாய். தலைக்கு ஏழரை ரூபாய்கூட இல்லை. உங்கள் ஊர் மளிகை விலையைப் போட்டு இதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் கூலியை மட்டும் வெட்டாதீர்கள். "சேவைதானே" என்று ஒரு அக்காவிடம் ஒப்படைக்கும் சமையல் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடும், அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை.

டிசம்பர் தொடங்கி மார்ச் பொதுத்தேர்வு வரை அரையாண்டுத் தேர்வு விடுமுறை, பொங்கல், ஞாயிறு போனால் மிஞ்சுவது ஏறக்குறைய 70 நாள். 70 நாளுக்கு 30,800 ரூபாய். மூன்று மாத வசூல் என்றால் மாதம் பத்தாயிரத்துச் சொச்சம். இங்கேதான் எல்லாரும் தவறுவது: "100 வீடு, வீட்டுக்கு 100, சரியாகப் போச்சு" என்பார்கள். சொன்னவர்களில் மாதாமாதம் தருபவர் முக்கால்வாசிதான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அப்படியானால் 130 வீடு வேண்டும். கையில் வருவது மாதம் 9,750, மூன்று மாதத்துக்கு 29,250. குறைகிற 1,550 ரூபாயைப் பிறந்தநாள், நினைவுநாள் என்று ஒரு நாள் செலவை ஏற்பவர் நாலு பேர் சரிக்கட்டிவிடுவார்கள்.

வசூலை நவம்பரிலேயே தொடங்குங்கள். முதல் மாதப் பணம் கையில் இருக்கும்போதுதான் அடுப்பு பற்ற வேண்டும். மளிகைக் கடைக் கடனில் தொடங்கிய திட்டத்தில், கொடுப்பவர் தருவது பிள்ளைகளுக்குப் போகாமல் பழைய பாக்கிக்குப் போகும். அது தெரிந்ததும் கொடுப்பது நிற்கும்.

பள்ளியிடம் கேட்பது

தலைமை ஆசிரியரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு கடலைகூடப் பள்ளிக்குள் போகக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். யார் சமைப்பது, எங்கே, எத்தனை மணிக்கு, பரிமாறும் முன் ருசி பார்க்கும் ஆசிரியர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். சத்துணவுக் கூடத்தின் பாத்திரத்தையும் அடுப்பையும் தொடாதீர்கள். அங்கே இருப்பு அரசுக் கணக்கு. ஒரு கிலோ பருப்பு இடம் மாறினாலும் சத்துணவு அமைப்பாளருக்குத்தான் தலைவலி.

வகுப்புக்கு வரும் அத்தனை பேருக்கும் கொடுங்கள். "வசதியில்லாத பிள்ளைகளுக்கு மட்டும்" என்று பிரித்தால், யாருக்கு உண்மையில் தேவையோ அந்தப் பிள்ளைதான் வேண்டாம் என்று எழுந்து போகும். பெயர்ப்பலகை, தட்டோடு நிற்க வைத்துப் படம் எடுப்பது, இரண்டும் கிடையாது என்று முதல் நாளே கொடுப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

பணம் கைமாறும் இடம்

வசூலிப்பவர் ஒருவருக்குப் பன்னிரண்டு பதினைந்து வீடு போதும், அதுவும் அவர் தெருவிலேயே. மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து ஏழுக்குள் முடித்துவிடுங்கள். பத்தாம் தேதிக்கு மேல் கேட்டால் கொடுக்க மனமிருந்தாலும் காசிருக்காது. ரசீதுப் புத்தகம் வரிசை எண் அச்சிட்டது, கார்பன் வைத்து இரண்டு பிரதி. எந்தப் புத்தகம் யாரிடம் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கிழித்த தாளும் "ரத்து" என்று எழுதிப் புத்தகத்திலேயே இருக்க வேண்டும்.

வங்கிக் கணக்கை இருவர் சேர்ந்து கையெழுத்திடும்படி வைப்பது நல்லதுதான். ஆனால் அப்படிப்பட்ட கணக்கில் யுபிஐ பெரும்பாலும் இயங்காது. இன்று பாதிப் பேர் ஜிபே-யில்தான் போடுவார்கள். ஆகவே பொருளாளர் பெயரில் இதற்கென்றே தனிக் கணக்கு ஒன்று திறந்து, அவருடைய சொந்தப் பணம் ஒரு ரூபாய்கூட அதில் கலக்காமல், வாரம் ஒரு முறை வரவு செலவு விவரத்தை அச்செடுத்து மற்ற இருவர் சரிபார்த்துக் கையெழுத்திடுவது நடைமுறைக்கு ஒத்து வரும். தனி ஒருவர் கணக்கில் உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடையாக வந்தால் அது அவருடைய வருமானமாக எண்ணப்படலாம் என்பதையும் மறக்க வேண்டாம். மேலே போட்ட கணக்கு அதற்குள் அடங்குகிறது. அதைத் தாண்டி வளர்ந்தால், 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிந்து, சங்கத்தின் பெயரிலேயே பான் எண்ணும் கணக்கும் எடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் ஒரு வழுக்குப் பாறை உண்டு. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் ஊர்க்காரர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம். அதே தெருவில் பிறந்து சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. "நம்ம பையன்தானே" என்பது சட்டத்துக்குத் தெரியாது.

அடுப்படி

முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு, கடலையைப் போல மூன்று மடங்கு தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் மதியத்துக்குள் நுரைத்து வாடை வரும். வாடை வந்ததை வேக வைத்துச் சரிசெய்ய முடியாது, கொட்டத்தான் வேண்டும். ஊறினால் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல் எடை ஏறும், தலைக்கு ஒரு கிண்ணம் கணக்காகக் கிடைக்கும். பயறு வகைக்குக் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதால், 10 லிட்டர் குக்கரில் இரண்டு ஈடாகப் போடுங்கள். உப்பு சேர்த்து ஐந்தாறு விசில். விரலால் அழுத்தினால் தோல் வழுக்கி நசுங்க வேண்டும். மூன்றரைக்குத் தாளித்து, தேங்காய்த் துருவலைப் பள்ளிக்குக் கிளம்பும்போதுதான் சேர்க்க வேண்டும். மதியமே சேர்த்து மூடி வைத்த சுண்டல் நாலு மணிக்குள் புளித்துவிடும், வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

தினம் கொண்டைக்கடலை என்றால் இரண்டாவது வாரமே தட்டில் மிஞ்சும். தட்டைப்பயறு, பச்சைப்பயறு, வெள்ளைப்பட்டாணி என்று மாற்றி வையுங்கள். பச்சைப்பயறுக்கு நாலைந்து மணி நேர ஊறல் போதும், இரவு முழுக்க விட்டால் குழைந்துவிடும். வேர்க்கடலை வைக்கும் முன் ஒவ்வாமை உள்ள பிள்ளை உண்டா என்று வகுப்பில் கேட்டுவிடுங்கள். மூட்டையாக வாங்கினால் மலிவு என்று மூன்று மாதத்துக்கும் சேர்த்து வாங்கினால் வண்டு தின்னும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வாங்கி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து டின்னில் போடுங்கள்.

பிறந்தநாள் கொடையாளர்களிடம் கொஞ்சம் கறார் வேண்டும். சுண்டலுக்குப் பதில் கேக், பிரியாணி என்பார்கள். எல்லாரும் ஒரே வெள்ளிக்கிழமையைக் கேட்பார்கள். 70 நாளையும் ஒரு தாளில் கட்டம் போட்டு, காலியாக உள்ள நாளை மட்டும் காட்டி, 440 ரூபாயைப் பணமாகவே வாங்குங்கள்.

கணக்குப் பலகை

பள்ளி வாசலிலும் டீக்கடையிலும் ஒரு கரும்பலகை. வாரா வாரம் சனிக்கிழமை நாலே வரி: வந்தது, செலவானது, இருப்பு, சாப்பிட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை. வாட்ஸ்அப் குழுவிலும் அதையே போடலாம். ஆனால் கொடுத்தவர் பட்டியலை அங்கே போடாதீர்கள், பட்டியலில் இல்லாதவர் யார் என்று ஊரே எண்ணும். இரண்டாவது மாதம் வசூல் குறைகிறதென்றால், ஜனங்களுக்கு மனமில்லை என்று சலிக்கும் முன் பலகையைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அதில் மூன்று வாரத்துக்கு முந்தைய தேதிதான் இருக்கும்.

தேர்வு தொடங்கிய வாரத்திலேயே கடைசிக் கணக்கை எழுதி ஒட்டுங்கள். மிஞ்சிய பணம் அடுத்த டிசம்பருக்கா, வேறு எதற்கா என்பதை நவம்பர் ரசீதின் அடியிலேயே ஒரு வரியாக அச்சிட்டிருக்க வேண்டும். மிஞ்சிய கடலையை அன்றைய விலைக்கு அதே மளிகைக் கடையில் திருப்பிக் கொடுத்து, அந்தத் தொகையையும் பலகையில் ஏற்றுங்கள்.