சில தளங்கள் மட்டும் திறக்காத பழைய கணினி

கடையில் பில் போடும் விண்டோஸ் 7 கணினியில் சில தளங்கள் மட்டும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். மற்றவை சாதாரணமாகத் திறக்கும். நாள்கணக்கில் இதே பாடு.

தேதி, நேரம் பார்த்தேன், சரியாகவே இருந்தது. கேஷ், குக்கீ எல்லாம் அழித்தேன். ஆன்டிவைரஸை நிறுத்தினேன். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தும் அதே கதை. எச்சரிக்கையைத் தாண்டிப் போக வழி இருந்தது. கடவுச்சொல் போடும் தளத்தில் அதைச் செய்ய மனம் வரவில்லை.

அப்புறம்தான் முகவரிக்குப் பக்கத்திலுள்ள குறியைத் தட்டி, தளம் உண்மையானதுதான் என்று ஒன்றுக்கொன்று உறுதி சொல்லும் சான்றிதழ்களின் சங்கிலியைப் பார்த்தேன். தளத்தின் சான்றிதழ் புதிதுதான். ஆனால் உச்சியில் இருந்த 'டி.எஸ்.டி. ரூட் சி.ஏ. எக்ஸ்3' என்ற மூலச் சான்றிதழ் (மற்றவை எல்லாம் நம்பியிருக்கும் அடிப்படைச் சான்றிதழ்) 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியாகியிருந்தது. திறக்காத தளங்கள் எல்லாமே தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ் வைத்திருந்தவை. அவற்றுக்கு இப்போது தேவைப்படும் 'ஐ.எஸ்.ஆர்.ஜி. ரூட் எக்ஸ்1' என்ற வேறொரு மூலச் சான்றிதழ், அப்டேட் நின்றுபோன இந்தக் கணினிக்குள் வரவே இல்லை. இருந்த பழைய பிரவுசரோ விண்டோஸிலுள்ள மூலச் சான்றிதழ் பட்டியலையே நம்பியது.

ஃபயர்பாக்ஸ் பிரவுசர் மூலச் சான்றிதழ் பட்டியலைத் தன்னோடே கொண்டுவருகிறது. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிக் கிளையான 115 இ.எஸ்.ஆர். (நீண்டகால ஆதரவு) பதிப்பை வேறு கணினியில் இறக்கி, பென்டிரைவில் எடுத்துவந்து நிறுவினேன். எல்லாத் தளங்களும் திறந்தன, அப்பாடா! பழைய புக்மார்க்குகளையும் அதிலேயே இறக்கிக்கொண்டேன்.