பரணில் ஏற்றும் முன்: பலரும் செய்யும் தவறுகள்

பரணில் சாமான் ஏற்றுகிற நாளில் வீட்டில் நாலு கை இருக்கும். ஒருவர் கீழே நின்று தூக்கிக் கொடுப்பார், இன்னொருவர் மேலே வாங்கி உள்ளே தள்ளுவார். ஆறு மாதம் கழித்து அதே பெட்டி தேவைப்படும்போது வீட்டில் ஒருவர்தான் இருப்பார். காலுக்குக் கீழே ஆடுகிற ஸ்டூல். ஆகவே எது மேலே போகலாம் என்பதை, தனியாக அதை இறக்கப்போகிறவரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெட்டிக்கு 10 கிலோ என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

எடையைக் கண்ணால் அளப்பதுதான் முதல் தவறு. 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள அட்டைப்பெட்டியில் புத்தகங்களை இறுக்கி அடுக்கினால் 20 கிலோவைத் தாண்டும். ஏ4 தாள் 500 கொண்ட ஒரு கட்டு மட்டுமே 2.5 கிலோ. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று பார்த்து, உங்கள் எடையைக் கழித்தால் கணக்கு தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

எவ்வளவு எடை என்பதைப் போலவே எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். சுவரிலிருந்து ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் பரணில், சுவரை ஒட்டி 10 செ.மீ. தூரத்தில் வைத்த பெட்டியையே 50 செ.மீ. தூரத்துக்கு, அதாவது விளிம்புப் பக்கம் நகர்த்தினால், சுவரோடு சேருமிடத்தில் அது கொடுக்கும் வளைவு விசை 5 மடங்காகிவிடும். எட்டுகிற இடத்தில் கனமானதை வைப்போம் என்று விளிம்பை நிரப்புவது இதனால்தான் ஆபத்து. கனமானது சுவரை ஒட்டி, லேசானது முன்னால். இத்தகைய பரணில் இழுவிசை மேற்பரப்பில்தான் இருக்கும், அதைத் தாங்கும் கம்பியும் மேலேதான் ஓட வேண்டும். கட்டும்போது கம்பி மிதிபட்டு கீழே அமுங்கிப்போயிருந்தால், விரிசல் சுவர் ஓரமாக மேல்புறத்தில் விழும். கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது, பெட்டிகள் மறைத்திருக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது பரணைக் காலி செய்து, சுவருக்கு இணையாகக் கீறல் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் எதையும் திரும்ப ஏற்றாமல் பொறியாளரிடம் காட்டுங்கள். இரண்டு மூன்று பக்கம் சுவரில் உட்கார்ந்திருக்கும் பரண் இதைவிட உறுதியானது. அதற்காக அதில் ஆள் ஏறி நடக்கலாம் என்று அர்த்தமில்லை.

சாய்கூரைக்குக் கீழே மரச்சட்டங்கள் மேல் அமைந்த பரண் என்றால் விஷயம் வேறு. பாரம் தாங்குவது சட்டம். சட்டங்களுக்கு இடையிலுள்ள ஜிப்சம் போர்டு ஆளைத் தாங்காது. கால் வைத்தால் நேரே கீழ் அறைக்குள் இறங்கும். சட்டங்களுக்குக் குறுக்காக 18 மி.மீ. பிளைவுட் போட்டு, ஆணிக்குப் பதில் ஸ்க்ரூவால் இறுக்கிக்கொண்டு, அதன்மேல் மட்டும் வையுங்கள். பலகை போட்டதால் சட்டத்தின் பலம் கூடிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். பெட்டி நுழையவில்லை என்று கூரையின் குறுக்குச் சட்டத்தை அறுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கூரைக்கடியில் கோடையில் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஏறும். ஸ்பிரே டப்பாக்களின் மேலேயே 50 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். பெயின்ட், தின்னர், மண்ணெண்ணெய், எரிவாயு சிலிண்டர் எதுவும் பரணுக்கு வேண்டாம். பொம்மை, டார்ச் போன்றவற்றில் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். கசிந்த பேட்டரி உள்ளே இருக்கும் தகட்டை அரித்துவிடும். ஃபோட்டோ ஆல்பத்துக்கும் கேசட்டுக்கும் பரணைவிட அலமாரியின் கீழ்த்தட்டு நல்லது.

துணியை நன்றாக உலர்த்தாமல் மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில் போடுவது பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக் கொடுப்பது. ஈரம் வெளியேற வழி இருக்காது. அட்டைப்பெட்டியிலும் தொல்லை உண்டு: அதன் பசையை ராமபாணப் பூச்சியும் கரப்பானும் தின்னும், ஈரச்சுவரை ஒட்டினால் கரையான் ஏறும். எனவே உலர்ந்த துணி, பிளாஸ்டிக் பெட்டி, சுவரிலிருந்து 5 செ.மீ. இடைவெளி. படுக்கையறைப் பரணில் அந்துருண்டையைக் கொட்டி வைக்காதீர்கள். அதன் ஆவியைத்தான் இரவு முழுக்க சுவாசிக்கிறோம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும்.

எலிப்புழுக்கை கிடந்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். தூசியோடு கிருமியும் மூக்கில் போகும். ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் விட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, 5 நிமிடம் ஊறிய பிறகு துடைத்தெடுங்கள். அருகே ஒயர் ஓடினால் முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எலி கடித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஏற இறங்க நாற்காலி வேண்டவே வேண்டாம். இரட்டை ஏணியை முழுதாக விரித்துப் பூட்டி, மேலிருந்து இரண்டு படிகளில் ஏறாமல் நில்லுங்கள். சாய்த்து வைக்கும் ஏணி என்றால், உயரம் 4 அடிக்கு அடிப்பாகம் 1 அடி தள்ளியிருக்க வேண்டும். பரண் விளிம்பைப் பிடித்துத் தொங்காதீர்கள். பெட்டியை அணைத்துக்கொண்டு இறங்கும்போது ஏணியைப் பிடிக்கக் கையே இருக்காது, அடுத்த படியும் தெரியாது. கீழே வாங்க ஆளில்லை என்றால் பெட்டியை அங்கேயே திறந்து, தேவையானதை மட்டும் தோள்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து இறங்குங்கள்.