குமரி மலையடிவாரத்தில் காட்டேஜ் எடுப்பதற்கு முன்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும்போது மலைப்பக்கம் ஒரு காட்டேஜ் எடுத்து நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டியில் என்ன அடுக்குவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். போன டிசம்பரில் எனக்குத் தெரியாமல் போனவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் இடம். குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை, கீரிப்பாறை என்று நான் விசாரித்த காட்டேஜ்கள் எல்லாமே ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் வீடுகள்தான். மலை கண்ணெதிரே நிற்கும், ஆனால் நீங்கள் இருப்பது அடிவாரத்தில். ஊட்டிக் குளிர் கிடையாது, பகலில் புழுக்கமாகத்தான் இருக்கும். இன்னும் மேலே போனால் காடு. காளிகேசம் மாதிரி வனத்துறை சோதனைச் சாவடியைத் தாண்டிப் போகும் இடங்களில் இருட்டிய பிறகு உள்ளே விட மாட்டார்கள். திருவனந்தபுரத்தில் சாயங்காலம் இறங்கி நேராக மலைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வழியில் வரும் களியக்காவிளை, மார்த்தாண்டம் நெரிசலே உங்கள் நேரத்தைத் தின்றுவிடும்.

படத்தைப் பார்த்து முடிவு செய்யும் முன், அது எந்த மாசத்தில் எடுத்தது என்று கேளுங்கள். தை, மாசியில் ரப்பர் இலை உதிர்த்துவிடும். பச்சைக் குடை விரித்த மாதிரி படத்தில் இருக்கும் தோட்டம் அப்போது குச்சி குச்சியாக நிற்கும். நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. மழை நாளில் தோட்டத்துக்குள் நடந்தால் அட்டை ஏறும், அருவியில் தண்ணீர் கூடினால் குளிக்க விட மாட்டார்கள். பக்கத்தில் ரப்பர் பாலை ஷீட்டாக அடிக்கும் கொட்டகையோ, உறைந்த ஒட்டுப்பாலைக் குவிக்கும் இடமோ இருக்கிறதா என்றும் கேளுங்கள். எனக்கு அந்த நாற்றம் அப்பாவின் சட்டை வாசனை. என் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

இனி முக்கியமான விஷயம். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கிற ஒருவரைத் தங்கவைத்தால், தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சி ஃபார்ம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஹோட்டல்காரர் மட்டுமல்ல, வீட்டை வாடகைக்கு விடுகிறவரும் பதிய வேண்டும், நம்மைத் தங்கவைக்கும் உறவினர்களும் பதிய வேண்டும். நாம் தமிழ் பேசுகிறோம், இந்த ஊரில் பிறந்தோம் என்பதெல்லாம் அந்தப் படிவத்துக்குத் தெரியாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் கேட்பார்கள்.

நாங்கள் மெல்பர்னிலிருந்து வருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் எழுதித்தான் காட்டேஜ் எடுத்தேன். மூன்று ராத்திரி, முன்பணம் 9,000 ரூபாய், ஜிபேயில் மட்டும்தான் வாங்குவார்களாம். என்னிடம் அது கிடையாது. சித்தப்பா மகனிடம் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் அனுப்பியிருப்பான். ஆனால் அவனுக்குத் தெரிந்தால் சித்தப்பாவுக்குத் தெரியும். ஊரில் சித்தப்பா வீடு இருக்கும்போது வாடகைக்கு இடம் பார்த்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? இரண்டே அறை, ஒரே கழிப்பறை, பிள்ளைகளுக்குச் சரிப்படாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, பள்ளித் தோழி மூலமாகப் பணத்தை அனுப்பினேன்.

போய்ச் சேர்ந்தபோது ராத்திரி எட்டரை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கஞ்சியும் பயறும் வைத்துக் கொடுத்தார். காலையில் எங்கள் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பினார். பத்து நிமிஷத்தில் அவர் போன் செய்தார். தன்னிடம் பதிவு செய்வதற்கான கணக்கே இல்லை, வெளிநாட்டுக்காரர் தங்கினால் தனக்குப் பிரச்சினை, நீங்களே போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லிவிடுங்கள் என்றார். சரி, சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினோம்.

பத்து மணிக்குப் போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "தங்குறவங்க பதிய முடியாதும்மா, தங்கவைக்கிறவங்கதான் பதியணும். ஓனரை வரச் சொல்லுங்க." ஓனர் இதோ வருகிறேன் என்றார். பன்னிரண்டுக்கும் அதையே சொன்னார். ஒன்றரைக்குப் போனை எடுக்கவில்லை. மர பெஞ்சில் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். சின்னவன் என் மடியில் தூங்கிவிட்டான். வாசலில் ஒரு பலாமரம், அடியில் பறிமுதல் செய்த பைக்குகள், அவற்றின் சீட்டில் பழுத்த இலைகள். எத்தனை இலை விழுந்தது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

இரண்டு மணிக்கு அந்தப் போலீஸ்காரர் கேட்டார்: "உள்ளூர்ல உங்களுக்கு யாருமே இல்லையாம்மா?"

நான் பதில் சொல்லவில்லை. பெரியவள்தான் சொன்னாள், "சின்னப் பாட்டா இருக்காங்க."

எங்கள் பக்கம் தாத்தாவைப் பாட்டா என்போம், அவள் சொன்னது சித்தப்பாவை. அவருக்கு 74 வயது. இரண்டு பஸ் மாறி, வயர் கூடையில் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்து இறங்கினார். என்னைப் பார்க்காமல் முதலில் பிள்ளைகளுக்குப் பழத்தை உரித்துக் கொடுத்தார். அப்புறம் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் கேட்டார். "நம்ம வீட்டுல கெடக்க எடமில்லன்னா நெனச்ச மக்களே?"

உள்ளே போய், "இவ எங்க அண்ணன் மவ, எங்க வீட்டுல தங்குதா" என்று சொன்னார். பதிவு செய்யும் வேலையை அவர் மகன் போனிலேயே செய்தான். விசா, பாஸ்போர்ட், ஆளுக்கொரு புகைப்படம், வீட்டு முகவரி, அவ்வளவுதான் கேட்டார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குள் எல்லாம் முடிந்தது. முன்பணம் திரும்ப வரவில்லை.

ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உரிமையாளரிடம் நேராகக் கேளுங்கள்: வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கினால் பதிவு செய்ய உங்களிடம் கணக்கு இருக்கிறதா, இதற்கு முன் யாருக்காவது பதிந்திருக்கிறீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். போன் சிக்னல் எந்த நிறுவனத்துக்கு எடுக்கும் என்றும் கேளுங்கள். தோட்டத்துக்குள் பல இடங்களில் எடுக்காது. உடம்புக்கு ஏதாவது வந்தால் பெரிய அரசு ஆஸ்பத்திரி நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில்தான். அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

அதோடு, ஊரில் பெரியவர்கள் இருந்தால் காட்டேஜ் எடுப்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோபப்படுவார்கள், படட்டும். முதல் ராத்திரி அவர்கள் வீட்டில் தங்கிவிட்டு அப்புறம் போங்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லாமல் போனதற்கு உண்மையான காரணம் கழிப்பறை இல்லை. அப்பா இறந்த பிறகு, அவருடைய நாற்பது சென்ட் ரப்பரை 2019இல் விற்றோம். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது நான். அந்த நிலம் சித்தப்பா வீட்டுக்கு எதிரே இருக்கிறது. அவர் திண்ணையில் உட்கார்ந்தால் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

மீதி இரண்டு ராத்திரியும் அங்கேதான் பாயில் படுத்தோம். இரண்டாம் நாள் விடியற்காலை நாலு மணிக்கு பெரியவள் என்னைத் தட்டி எழுப்பினாள். எதிரே இருட்டுக்குள் ஒரு வெளிச்சம் மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருந்தது. பால் வெட்டுகிறார்கள் என்றேன். ஒரு மரத்தடியில் வெளிச்சம் நின்றபோது, பால் சொட்டும் சிரட்டையையும் பட்டையில் சாய்வாக இறங்கும் வெள்ளைக் கோட்டையும் பார்த்தாள். "இது யாரோட மரம்மா?" என்று கேட்டாள். சித்தப்பா உள்ளேயிருந்து இருமிக்கொண்டே எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"இது ஒங்க பாட்டா நட்டது," என்றார்.