ஏஐ மாடலை வைத்து எம்பெடட் கோடுக்கு டெஸ்ட் எழுதுவது எப்படி?

எம்பெடட் கோடு என்றால் கருவிகளுக்குள் இருக்கும் சின்ன சிப்பில் ஓடும் புரோகிராம். சாட்ஜிபிடி, கிளாட் மாதிரி ஒரு மாடலிடம் அதன் சி ஃபங்ஷனைக் கொடுத்து “டெஸ்ட் எழுது” என்றால் சட்டென்று எழுதித் தந்துவிடும். ஓட்டினால் எல்லாம் பாஸ். அதை அப்படியே நம்ப வேண்டாம். கோடைப் பார்த்து எழுதிய டெஸ்ட், கோடில் உள்ள தவறையும் சரி என்றே சொல்லும். எதிர்பார்க்கும் விடை தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டிலிருந்துதான் வரவேண்டும்.

டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரை வைத்துச் செய்து பார்ப்போம்.

படி 1: கணக்கைத் தனியாகப் பிரியுங்கள். சென்சாரிடமிருந்து 9 பைட் வாங்குவது ஒரு ஃபங்ஷன். அதை டிகிரியாக மாற்றுவது இன்னொன்று. இரண்டாவதைச் சோதிக்க போர்டே தேவையில்லை, லேப்டாப்பில் ஜிசிசி கம்பைலர் இருந்தால் போதும். கூடவே சி மொழிக்கான யூனிட்டி டெஸ்ட் ஃபிரேம்வொர்க்கை இறக்கிக்கொள்ளுங்கள் (கேம் எஞ்சின் யூனிட்டி வேறு).

படி 2: மாடலிடம் ஃபங்ஷனின் உள்ளே இருப்பதைக் காட்டாதீர்கள். தலைப்பு வரியையும் (பெயர், உள்ளீடு, வெளியீடு சொல்லும் வரி) டேட்டாஷீட் விவரத்தையும் மட்டும் கொடுங்கள். ப்ராம்ப்ட் இப்படி இருக்கலாம்:

“முதல் இரண்டு பைட் வெப்பநிலை, கீழ் பைட் முதலில். குறியுள்ள 16 பிட் எண். ஒரு படி 0.0625 டிகிரி. வரம்பு மைனஸ் 55 முதல் 125 வரை. ஒன்பதாவது பைட் சிஆர்சி (பிழை கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்). முதலில் சோதிக்க வேண்டிய நிலைகளைப் பட்டியலிடு. கோடு இப்போது வேண்டாம்.”

படி 3: பட்டியலை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். 145, 1 என்று பைட் வந்தால் 256 + 145 = 401; 0.0625-ஆல் பெருக்கினால் 25.0625 டிகிரி. சரி. மைனஸ் அரை டிகிரிக்கு 248, 255 வரும். குறியை மறந்த கோடு இதை 65528 என்று எடுத்து 4095.5 டிகிரி என்று காட்டும். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டில் ‘இன்ட்’ 16 பிட் என்பதால் இந்தத் தவறு ஒளிந்துகொள்ளும். அதே கோடை ‘இன்ட்’ 32 பிட்டாக இருக்கும் இஎஸ்பி32 போர்டுக்கு மாற்றினால் வெளியே வரும்.

ஒன்பது பைட்டும் பூஜ்யம் என்ற நிலை பட்டியலில் இல்லையென்றால் சேருங்கள். டேட்டா வயர் கிரவுண்டோடு ஒட்டிக்கொண்டால் இப்படித்தான் வரும். எட்டு பூஜ்யத்துக்கு சிஆர்சியும் பூஜ்யமே, அதனால் சிஆர்சி சோதனை இதைத் தடுக்காது. உங்கள் கருவி நிம்மதியாக 0 டிகிரி என்று காட்டிக்கொண்டிருக்கும்.

படி 4: இப்போது டெஸ்ட் கோடு கேளுங்கள், ஓட்டுங்கள். கம்பைல் பிழையை மாடலுக்குத் திருப்பி அனுப்பும் வேலையைச் சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். டெஸ்ட் கோப்பை மட்டும் மாற்ற மாடலை அனுமதியுங்கள், அதுவும் கம்பைல் ஆகும் வரைதான். டெஸ்ட் ஃபெயில் ஆனால் இந்தத் திருப்பி அனுப்பும் லூப் நிற்கட்டும், நீங்கள் பாருங்கள். இல்லையென்றால் எதிர்பார்க்கும் விடையையே மாற்றி பாஸ் ஆக்கிவிடும்.

படி 5: கோடை வேண்டுமென்றே கெடுங்கள். பைட் வரிசையை மாற்றுங்கள், சிஆர்சி சோதனையை எடுத்துவிடுங்கள். அப்போதும் எல்லாம் பாஸ் என்றால் அந்த டெஸ்டால் பயனில்லை.

அப்புறம் போர்டுக்குப் போகலாம். 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லிசெகண்ட் வரை ஆகும். பவர் கொடுத்ததும் அதற்கு முன்பே படித்தால் 85 டிகிரி என்று வரும், சிஆர்சியும் சரியாக இருக்கும். லேப்டாப் டெஸ்டில் இது சிக்காது, நிஜ சென்சாரை மாட்டித்தான் பார்க்கவேண்டும்.