கடற்கரைச் சாலையில் சேவைப் பயணம்: புதுக் குழுக்கள் விடாமல் செய்யும் தவறுகள்

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் போன் வரத் தொடங்கிவிடும். "அண்ணா, சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் வேன்ல போறோம். வழியில ஏழெட்டு ஊர்ல சேவை செய்யலாம்னு இருக்கோம். பிளானைப் பார்த்துச் சொல்லுங்க." பார்த்தால், நாங்கள் ஆரம்பத்தில் போட்ட அதே பிளான். தொப்பி கொண்டு போங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார். அதை விட்டுவிட்டு மற்றதைப் பேசுவோம்.

ஒரு நாளைக்கு ஓர் ஊர்

சென்னையிலிருந்து நாகப்பட்டினம் ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். காலை ஐந்துக்குக் கிளம்புவதாகச் சொல்லி ஆறரைக்குக் கிளம்பி, புதுச்சேரியில் டிபன் சாப்பிட்டு, கடலூரில் டீ குடித்து ஊர் போய்ச் சேரும்போது மதியம் ஒன்றரை ஆகிவிடும். நாட்டுப்படகுக்காரர்கள் விடியும் முன்பே கடலுக்குப் போய்த் திரும்பி, ஏலமும் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் மீன்கூடையோடு சந்தைக்குப் போயிருப்பார்கள். கரையில் நீங்களும் நாய்களும்தான்.

ஏழு ஊரை மூன்றாகக் குறையுங்கள். ஓர் ஊரில் இரண்டு இரவாவது தங்குங்கள். முதல் நாள் சாயங்காலம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலையில் இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் உருப்படியாக ஏதாவது முடியும். கோடையில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, அதனால் ஆட்கள் சும்மா இருப்பார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். படகுக்குப் பெயிண்ட், இன்ஜின் வேலை, வலை பின்னுவது எல்லாமே அப்போதுதான் நடக்கும்.

ஊராட்சித் தலைவரிடம் சொல்லிவிட்டோமே!

சொன்னது சரி, ஆனால் அது பாதிதான். நாகை, காரைக்கால் பக்கத்து மீனவக் குப்பங்களில் சட்டப்படி அமைந்த ஊராட்சி ஒன்று, மீனவர்களின் வழிவழியான ஊர்ப் பஞ்சாயத்து இன்னொன்று. கரையில் என்ன நடக்கலாம் என்பதைப் பஞ்சாயத்தார்தான் சொல்வார்கள். அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை என்று போனால் ஜமாத்தில் பேச வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் எந்த வேலையும் வைக்கக்கூடாது. தூத்துக்குடி தாண்டி மணப்பாடு பக்கம் போனால் பங்குத்தந்தையும் ஊர்க் கமிட்டியும். அங்கே ஞாயிறு காலை பூசை நேரத்தில் மைக் வைத்துத் 'தூய்மை உறுதிமொழி' எடுத்த குழு ஒன்றை எனக்குத் தெரியும். ஒரே சாலைதான். ஆனால் நாலு மணி நேரம் வண்டி ஓடினால் கேட்க வேண்டிய ஆள் மாறிவிடுவார். ஒரு ஊரில் சரியாக நடந்த முறையை அப்படியே அடுத்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

மூட்டை எங்கே போகும் என்று கேட்காமல் குனிவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. நீளமாகத்தான் சொல்லப் போகிறேன்.

கடற்கரையைச் சுத்தம் செய்வது புதுக் குழுக்களுக்குப் பிடித்த வேலை. பயிற்சி வேண்டாம், கையுறையும் சாக்கும் போதும், முன்பின் போட்டோவும் கிடைக்கும். ஒரு ஊரில் அப்படித்தான் நடந்தது. முப்பது பேர் கொண்ட குழு, மீன் இறங்கும் இடத்திலிருந்து முகத்துவாரம் வரைக்கும் பொறுக்கி, சாக்குகளில் கட்டி, ஒரு தென்னந்தோப்பு ஓரமாக அடுக்கி, பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு ராமேஸ்வரம் கிளம்பிவிட்டது. சில நாள் கழித்து நாங்கள் அந்த ஊருக்குப் போனோம்.

மீன் நாற்றத்துக்கு நாய்கள் சாக்கைக் கிழித்திருந்தன. பாதிக் குப்பை திரும்பவும் மணலில். மீதியை ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள், இரண்டு பெண்கள், மறுபடி அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இருப்பது ஒரு தள்ளுவண்டி. தினமும் வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்கும் வேலை அப்படியே நிற்கிறது. டிராக்டர் கேட்டால் டீசலுக்கு யார் பணம் கொடுப்பது என்று பேச்சு. பொறுமை இழந்த யாரோ ஒருவர் மீதி மூட்டைகளுக்குத் தீ வைத்துவிட்டார். பக்கத்தில் காயப்போட்டிருந்த ஒருவருடைய வலையில் பொறி விழுந்து ஒரு பக்கம் உருகிப்போனது. நைலான் வலை, கடனில் வாங்கியது.

குழுவின் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன். "நாங்க க்ளீன் பண்ணித்தானே சார் விட்டுட்டு வந்தோம்?" என்றார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? மாலையிலேயே அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டார். உள்ளூர் ஆளாக இருந்திருந்தால் மறுநாள் அந்த வழியாக நடந்தபோதே தெரிந்திருக்கும். வேனில் வந்து போகும் குழு தன் வேலையின் இரண்டாம் நாளைப் பார்ப்பதே இல்லை. வலைக்காரருக்கு அந்தக் குழு கொஞ்சம் பணம் அனுப்பியது என்பது வேறு விஷயம். அந்த ஊரில் இப்போது எந்தக் குழுவையும் கரையில் இறங்க விடுவதில்லை, எங்களையும் சேர்த்து.

அதனால், குனிவதற்கு முன்பே இதையெல்லாம் பேசி முடித்துவிடுங்கள். டிராக்டரோ லோடு வண்டியோ எந்தக் கிழமை வரும், டீசலும் ஆள் கூலியும் யார் கொடுப்பது, சரக்கு எங்கே இறங்கும். அந்த வண்டி எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு பொறுக்கினால் போதும். கரையில் இன்னும் குப்பை கிடக்கிறதே என்று தவிக்காதீர்கள், கிடக்கட்டும். மூட்டையாகக் கட்டி வைத்தால் ஊர்க்காரர் தலையில் விழும்.

பிரிப்பதற்குப் பாதி நேரம் ஒதுக்குங்கள். தண்ணீர் பாட்டிலைக் காயலான்கடைக்காரர் எடுத்துக்கொள்வார். மணல் ஒட்டிய சிப்ஸ் கவரையும் தெர்மாகோலையும் தொடக்கூட மாட்டார். சல்லடையில் போட்டு மணலை உதறுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் ஏற்றி அனுப்புவது பெரும்பாலும் கடற்கரையைத்தான். சாக்கைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், தூக்கப் போகிற பெண்களுக்கும் முதுகு இருக்கிறது. பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் கிடந்தால் சில மாதங்களிலேயே நார் நாராக உதிர்ந்து அதுவே புதுக் குப்பையாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. கரையில் கிடப்பதெல்லாம் குப்பை இல்லை. கயிறு, மிதவை, ஓட்டை விழுந்த வலைத்துண்டு எல்லாவற்றுக்கும் ஓர் உடையவர் இருப்பார். கரைவலை இழுக்கும் ஊர்களில் கயிறு வெகுதூரம் நீண்டு கிடக்கும். கேட்காமல் எதையும் சுருட்டாதீர்கள். 'களை' என்று நினைத்து ராவணன் மீசைப் புல்லையும் அடம்பங்கொடியையும் பிடுங்கி எறிகிறார்கள். மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான்.

மதிய உணவைப் பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டு வந்து பிளாஸ்டிக் ஒழிப்பு பேசும் குழுக்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை. அந்தப் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

பழைய துணி

வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்ததை ஊர் மறக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மொத்தமும் சாய்ந்து கிடந்தது. அவர்கள் கேட்டது தார்ப்பாயும் மரம் அறுக்கும் இயந்திரமும். அப்போதும் துணி மூட்டைகள் வந்தன.

மே மாதத்தில் மரக்கன்று

விடுமுறை மே மாதத்தில் வருகிறது என்பதற்காக மழையும் அப்போது வந்துவிடாது. இந்தக் கரைக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ராமநாதபுரத்து வெயிலில் கன்று நட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுப்பார்கள். பள்ளிக்கோ லீவு. கோடையில் வருகிறீர்களா? குளம், ஊருணி தூர்வாருங்கள், அதற்கு அதுதான் காலம். நட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மழைக்கு முன்பு பனைவிதையோடு வாருங்கள். அது உங்களை நம்பி இருக்காது. பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளில் நீங்களாக இறங்கி எதையும் நடக்கூடாது. அங்கே வனத்துறை வாய்க்கால் வெட்டி, உப்புநீர் வந்து போக வழி செய்து நடுகிறது. நீங்கள் சேற்றில் குச்சி ஊன்றினால் அது குச்சியாகவே நிற்கும்.

பிள்ளைகளோடு செல்ஃபி

எடுக்காதீர்கள்.

ஆமை பார்க்க டார்ச்

ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிப் போய்விடும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அவர்களைப் போலத் தெரிந்தவர்களோடு போங்கள், இல்லாவிட்டால் தூங்குங்கள்.

டிரைவரையும் மண்வெட்டி பிடிக்கச் சொல்வது

இரவு முழுக்க ஓட்டியவரைக் காலையில் "நீங்களும் வாங்கண்ணே" என்று கூப்பிடுவது அன்பு இல்லை. நாகைக்குத் தெற்கே இருட்டிய பிறகு சாலையில் மாடுகள் படுத்திருக்கும், ஓட்டுகிறவருக்குக் கண் எரியக்கூடாது. பேட்டாவைப் பேசும்போதே அவர் பகலில் தூங்க மின்விசிறி உள்ள ஓர் அறையையும் அந்த ஊரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேன் சீட்டில் படுத்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.