மெல்லிய தகட்டில் ஓட்டை விழாமல் வெல்டிங்: என் அனுபவம்

நான் இரும்பில் செய்த பறவைச் சிற்பத்தில் 10 மி.மீ. கம்பிக் காலை 1.2 மி.மீ. தகட்டு உடலோடு சேர்க்கும் இடத்தில்தான் ஓட்டை விழுந்துகொண்டே இருந்தது. கம்பி உருகும் சூட்டுக்கு வருவதற்குள் தகடு உருகி வழிந்துவிடும்.

2.5 மி.மீ. வெல்டிங் ராடை (உருகி இணைப்பை நிரப்பும் குச்சி) விட்டு 2 மி.மீ. தடிமனுள்ள 6013 என்ற வகை ராடுக்கு மாறி, கரண்டை 45 ஆம்பியருக்குக் குறைத்தேன். மெஷின் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம்) என்பதால் ராடைப் பிடிக்கும் ஹோல்டரை மைனஸில் மாட்டினேன், ஊடுருவல் (உருகல் உள்ளே இறங்கும் ஆழம்) குறைகிறது. ஆர்க்கைக் (ராடு நுனியில் எரியும் மின்சுடரை) கால் கம்பியின் மேலேயே பிடித்து, உருகிய குழம்பு தகட்டின் விளிம்பைத் தொட்டுப் பிடித்ததும் எடுத்துவிட வேண்டும். பலன் தந்தது முக்கியமாக இதுதான். ஒரே இழுப்பாக ஓட்டாமல் எதிரெதிர்ப் பக்கங்களில் பொட்டுப் பொட்டாக வைத்தால் தகடு நெளிவதும் குறையும். ஒவ்வொரு பொட்டுக்கும் பிறகு மேலே படியும் கசடைத் தட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே விழுந்த ஓட்டைக்குப் பின்னால் தடித்த செம்புப் பட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, ஓரத்திலிருந்து நிரப்பினேன். செம்பில் இரும்பு எளிதில் ஒட்டாது, சூட்டையும் இழுத்துக்கொள்ளும்.

இறகுக்கு வாஷர், போல்ட் சேர்ப்பவர்கள் துத்தநாகம் பூசியதைத் தயவுசெய்து அப்படியே வெல்ட் செய்யாதீர்கள். அந்தப் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும். பூச்சில்லாத கறுப்பு போல்ட்டே நல்லது.